நரம்புத் துடிப்பு மாடலில் ஒளிந்திருக்கும் பேட்டரிகள்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாயின் பெரிய ஆக்சானுக்காக, அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழைக்காக, 1952-இல் எழுதிய நரம்புத் துடிப்புச் சமன்பாடுகளை இன்று நாற்பது வரி நிரலில் ஓட்டிவிடலாம். சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியர் கொடுத்தால் மாடல் ஒழுங்காகத் துடிக்கும். தலைவலி அப்புறம்தான் ஆரம்பம். வெப்பநிலையை மாற்றிப் பார்க்கலாமா, அயனிகளைத் திருப்பித் தள்ளும் பம்ப் ஒன்றைச் சேர்க்கலாமா, ஒரு துடிப்புக்கு எவ்வளவு ஏடிபி (செல்லின் எரிபொருள்) செலவாகிறது, எவ்வளவு வெப்பம் வெளியே வருகிறது என்று கேட்கத் தொடங்கியதும் திரையில் விநோதங்கள் வரும்.

அந்தச் சமன்பாடுகள் ஒரு மின்சுற்றை வரைகின்றன: ஒரு மின்தேக்கி, சில கடத்திகள், ஒவ்வொரு கடத்தியோடும் ஒரு பேட்டரி. பேட்டரிக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எப்போது தீரும் என்ற கேள்வியே சுற்றுக்குள் இல்லை. வெப்ப இயக்கவியலை அதன்மேல் பொருத்தும்போது வருகிற பிழைகளில் பெரும்பாலானவை, நாம் அறியாமல் மாடலுக்குள் விட்டுவைத்த பேட்டரிகள்தாம். சில பேட்டரிகள் வெளிப்படையாக எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும். சில வேக மாறிலிகளுக்கு நடுவே பதுங்கியிருக்கும். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்குத் தாவிக்கொள்ளுங்கள். முதல் சோதனையை மட்டும் செய்துவிட்டுப் போங்கள்.

## எதற்கும் முன்: செத்த செல் சோதனை

சவ்வுக்கு உள்ளேயும் வெளியேயும் எல்லா அயனிச் செறிவுகளையும் சமமாக்குங்கள். ஏடிபியைப் பூஜ்யமாக்குங்கள். தூண்டல் மின்னோட்டத்தை எடுத்துவிடுங்கள். இப்போது மாடலை நீண்ட நேரம் ஓட்டுங்கள். செல் செத்துவிட்டது, அதனால் எதுவும் அசையக் கூடாது. சவ்வு மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு அயனியின் மின்னோட்டமும் தனித்தனியே பூஜ்யமாக வேண்டும், கூட்டுத்தொகை மட்டும் பூஜ்யமானால் போதாது. சேனலின் (சவ்வில் அயனி கடக்கும் துளை) நிலைகளுக்கு இடையிலான நிகர ஓட்டமும் அப்படியே.

மூல ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாடல் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். அதில் சோடியத்துக்கு 50, பொட்டாசியத்துக்கு −77, கசிவுக்கு −54.4 மில்லிவோல்ட் என்று எண்கள் நேராகவே எழுதப்பட்டிருப்பதால், செறிவை நீங்கள் என்ன செய்தாலும் அவை அசையா. முதல் இரண்டையும், செறிவு விகிதத்திலிருந்து மின்னழுத்தம் தரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக்கு மாற்றிவிடலாம். மூன்றாவதுதான் விஷமம். கசிவு என்பது எந்த அயனி என்று அங்கே சொல்லப்படவே இல்லை. அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

செல்லுக்குள் வெளியேற முடியாத எதிர்மின் மூலக்கூறுகளையும் சேர்த்திருந்தால் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு வராது, ஒரு டொன்னன் சமநிலையில் நிற்கும். அது பிழையில்லை. ஆனால் அப்போது எல்லா அயனிகளின் நெர்ன்ஸ்ட் மின்னழுத்தமும் அந்த ஒரே மதிப்பில் சந்திக்க வேண்டும்.

## ஓடிக்கொண்டிருந்த மாடல் திடீரென "எண் அல்ல (NaN)" என்று நிற்கிறது

மின்னழுத்தம் சரியாக −40 அல்லது −55 மில்லிவோல்ட்டைத் தொட்ட நொடியிலா என்று பாருங்கள். சேனல் திறப்பதை மாடலில் கதவுகள் தீர்மானிக்கின்றன: சோடியத்துக்கு எம், எச், பொட்டாசியத்துக்கு என். ஆல்ஃபா திறக்கும் வேகம், பீட்டா மூடும் வேகம். எம் கதவின் ஆல்ஃபாவும் என் கதவின் ஆல்ஃபாவும் அந்தப் புள்ளிகளில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கின்றன. எல்லை மதிப்புகள் முறையே 1-உம் 0.1-உம், மில்லிநொடிக்கு. புள்ளிக்கு அருகில் தொடர்வரிசையைப் போடுங்கள், அல்லது அடுக்குக்குறியில் ஒன்றைக் கழித்துத் தரும் தனிச் சார்பு உங்கள் மொழியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அந்தச் சார்பு துல்லிய இழப்பைத் தடுக்கும். சரியாக அந்தப் புள்ளியில் விழுந்தால் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

அந்த வடிவம் தற்செயலாக வந்ததில்லை. மாறா மின்புலத்தில் நகரும் மின்னூட்டத் துகளுக்குக் கோல்ட்மன் தந்த சமன்பாட்டை ஒத்திருக்கிறது என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியுமே 1952 கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்கள். இதே பூஜ்யம்/பூஜ்யம் கால்சியம் பகுதியிலும் திரும்பி வரும்.

பழைய கட்டுரையிலிருந்து நேராக எண்களை எடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே ஓய்வுநிலை பூஜ்யம், குறியும் இன்றைய வழக்கத்துக்குத் தலைகீழ். பாதி எண் அங்கிருந்தும் பாதி எண் இன்றைய பாடநூலிலிருந்தும் எடுத்தால் மாடல் துடிக்காது, வெடிக்கும்.

## நெர்ன்ஸ்ட் மின்னழுத்தங்கள் எல்லாம் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கின்றன

செல்சியஸைக் கெல்வினாக மாற்றவில்லை. வேறு எதையும் தேட வேண்டாம். வாயு மாறிலியைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கி ஃபாரடே மாறிலியால் வகுத்தால் வருவதை வெப்ப மின்னழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். 6.3 டிகிரி செல்சியஸில் அது 24.1 மில்லிவோல்ட், 37 டிகிரியில் 26.7. நிரலில் 6.3-ஐ அப்படியே போட்டால் 0.54 வரும். ஆயிரம் மடங்கு தவறு என்றால் வோல்ட்டுக்கும் மில்லிவோல்ட்டுக்கும் இடையே குழப்பம்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் −77 கிடைக்கவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது. கணவாய் ஆக்சானுக்குப் பாடநூல்கள் தரும் செறிவுகள், அதாவது பொட்டாசியம் உள்ளே 400, வெளியே 20 மில்லிமோலார் என்று வைத்தால், 6.3 டிகிரியில் வருவது −72. மூல மாடலின் எண்கள் பரிசோதனைத் தரவுக்குப் பொருத்தப்பட்டவை. நெர்ன்ஸ்ட்டுக்கு மாறும்போது ஓய்வுநிலை சற்று நகரும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள், செறிவை இழுத்துப் பிடித்து −77 வரவைக்காதீர்கள்.

## 37 டிகிரிக்கு ஏற்றியதும் துடிப்பு காணாமல் போகிறது

அதிகம் பேர் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. துடிப்பு முதலில் குறுகும், பிறகு குள்ளமாகும், பிறகு ஒரு சிறு மேடாகி மறையும்.

முதலில் பெருக்கியைப் பாருங்கள். கதவுகளின் வேகத்துக்கு க்யூ10 மதிப்பு 3 என்பது மூல மாடலின் தேர்வு. அதாவது பத்து டிகிரிக்கு வேகம் மும்மடங்கு. 6.3-லிருந்து 37-க்குப் போனால் பெருக்கி 29. எல்லாக் கதவுகளும் 29 மடங்கு வேகம். சவ்வின் மின்தேக்கி மட்டும் அதே பழைய மின்தேக்கிதான். சோடியம் கதவு வேகமாகத் திறக்கிறது, சரி. ஆனால் அது அடைபடுவதும் பொட்டாசியம் கதவு திறப்பதும் அதே அளவு வேகமாகிவிட்டதால், சோடியம் உள்ளே பாயக் கிடைக்கும் இடைவெளி முப்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மின்தேக்கியை நிரப்பத் தேவையான மின்னூட்டம் மாறவில்லை, அதைக் கொண்டுவரும் நேரம் போய்விட்டது.

எனவே மாடல் கணக்குப்படி சரியாகத்தான் நடக்கிறது. இதே சமன்பாடுகளில் சுமார் 33 டிகிரிக்கு மேல் துடிப்பு பரவாது என்று ஹக்ஸ்லி 1959-இல் காட்டினார். உண்மையான கணவாய் ஆக்சானும் 30-களின் பிற்பகுதியில் அடைத்துக்கொள்கிறது, குளிரவைத்தால் மீள்கிறது. குளிர்ந்த கடலில் வாழும் உயிரின் நரம்பைப் பாலூட்டியின் உடல் சூட்டில் வைத்துவிட்டு ஏன் துடிக்கவில்லை என்று கேட்பது நம் தப்பு.

உங்கள் மாடல் பாலூட்டி அளவீடுகளால் ஆனது, இருந்தும் மறைகிறது என்றால் மூன்று இடங்களைத் தட்டிப் பாருங்கள். முதலாவது, ஒப்பீட்டு வெப்பநிலை. 23 டிகிரியில் அளந்த வேகங்களுக்கு யாரோ 6.3-ஐ ஒப்பீடாக விட்டுவைத்திருந்தால் வேகம் தேவையில்லாமல் ஆறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். நியூரான் மென்பொருளில் வெப்பநிலை மாறியின் தொடக்க மதிப்பே 6.3 என்பதால், பல இடங்களிலிருந்து கோப்புகளைச் சேர்ப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஒவ்வொரு சேனல் கோப்புக்கும் அதற்கான ஒப்பீட்டு வெப்பநிலை வேறாக இருக்கும், திறந்து பாருங்கள். இரண்டாவது, பெருக்கி இருமுறை விழுந்திருக்கலாம்: ஆல்ஃபா, பீட்டாவில் ஒருமுறை, கால மாறிலியில் இன்னொரு முறை. மூன்றாவது, கடத்துத்திறன். அதற்கும் வெப்பநிலைச் சார்பு உண்டு, ஆனால் மிதமானது, க்யூ10 சுமார் 1.3 முதல் 1.5 வரை. நீரில் அயனி நகர்வது போன்ற விஷயம் அது. அதை 1 என்று விட்டுவிட்டால் சூட்டில் மாடல் தேவைக்கு மேல் பலவீனமாகும், 3 என்று போட்டுவிட்டால் அசுர பலம் பெறும்.

சூடாக்கினால் துடிப்பு அகலமாகிறது என்பவர்களுக்கு ஒரே வரி: கால மாறிலியை வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள்.

திருத்தம் சரியா என்று அறிய ஒரு நல்ல எண் இருக்கிறது. 18.5 டிகிரியில், 238 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஆக்சானுக்கு, அச்சுத் தடைத்திறன் 35.4 ஓம்–சென்டிமீட்டர் என வைத்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணக்கிட்ட பரவல் வேகம் நொடிக்கு 18.8 மீட்டர். அளந்தது 21.2. உங்கள் கேபிள் மாடல் (ஆக்சானை நீளவாக்கில் துண்டுகளாக எழுதியது) முதல் எண்ணுக்கு அருகில் வர வேண்டும். இரண்டாவது எண்ணுக்கு அச்சு அசலாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

## வெப்பநிலை மாறினால் நிலைத்த வளைவும் நகர்கிறது, அல்லது நகரவே மாட்டேன் என்கிறது

இரண்டுமே புகாராக வருகின்றன. எது சரி என்பது நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் ஒரே பெருக்கியால் பெருக்கினால் விகிதம் மாறாது, எனவே கதவு திறந்திருக்கும் நிலைத்த வீதமும் மாறாது. மூல மாடல் அப்படித்தான். வெப்ப இயக்கவியலில் இதற்கு ஒரு பொருள் உண்டு: திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் என்தால்பி (வெப்ப ஆற்றல் அளவு) வித்தியாசம் இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். க்யூ10 என்பதே கிளர்வு ஆற்றலின் (தடையைத் தாண்டத் தேவையான ஆற்றல்) சுருக்கெழுத்துதான். 6.3 டிகிரியை ஒட்டி க்யூ10 = 3 என்றால் கிளர்வு ஆற்றல் மோலுக்கு ஏறக்குறைய 74 கிலோஜூல். முன்னோக்கிய தடைக்கும் பின்னோக்கிய தடைக்கும் உள்ள வித்தியாசம்தான் என்தால்பி மாற்றம். ஆல்ஃபாவுக்கு 3, பீட்டாவுக்கு 2.5 என்று தனித்தனியே போட்டால், பத்து டிகிரிக்கு விகிதம் 1.2 மடங்கு நகரும். முப்பது டிகிரியில், சரிவு 9 மில்லிவோல்ட் உள்ள ஒரு கதவின் நடுப்புள்ளி கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட் இடம்பெயரும். ஓய்வுநிலையின் அருகே அது சின்ன விஷயமில்லை.

கதவு எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு திறக்கும் என்று காட்டும் போல்ட்ஸ்மன் வளைவின் சரிவுக்கும் வெப்பநிலையோடு தொடர்பு உண்டு. சரிவு என்பது வெப்ப மின்னழுத்தத்தைக் கதவின் மின்னூட்டத்தால் வகுத்தது. 20 டிகிரியில் 9 மில்லிவோல்ட் சரிவு என்றால் கதவின் பயனுறு மின்னூட்டம் 2.8. மின்னூட்டம் வெப்பநிலையால் மாறாது, சரிவு மாறும். ஆனால் பத்து டிகிரிக்கு மூன்றரை சதவீதம்தான், அதனால் இதில் மட்டும் நுணுக்கம் பார்த்துவிட்டு நடுப்புள்ளி நகர்வை விட்டுவிடுவது சில்லறையைப் பொறுக்கி நோட்டைத் தொலைப்பது.

## ஒன்றும் நடக்காத நிலையிலும் சேனல் சுழன்றுகொண்டே இருக்கிறது

எனக்குப் பிடித்த பிழை இது. ஒருமுறை என்னையே நன்றாக ஏமாற்றியதும் இதுதான்.

கதவுகளை விட்டுவிட்டு, சேனலுக்கு நிலைகளைக் கொண்ட மார்கோவ் மாடல் (நிலைக்கு நிலை வாய்ப்புப்படி தாவுவது) எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூடியது, திறந்தது, செயலிழந்தது என மூன்று நிலைகள், ஒரு முக்கோணம். மின்னழுத்தத்தை ஒரே மதிப்பில் பிடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். நிலைகளின் வீதங்கள் மாறாமல் நிற்கின்றன, எல்லாம் அடங்கிவிட்டது போலத் தெரிகிறது. ஆனால் மூடியதிலிருந்து திறந்ததற்குப் போகும் ஓட்டத்தையும் திரும்பி வரும் ஓட்டத்தையும் தனித்தனியே அச்சிட்டால் இரண்டும் சமமில்லை. முக்கோணத்தை ஒரே திசையில் சேனல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, எரிபொருள் ஏதுமில்லாமல். நித்திய இயந்திரம்!

சமநிலையில் ஒவ்வொரு இணைப்பிலும் போக்கும் வரவும் சமமாக வேண்டும். அதற்கான நிபந்தனையை வெக்‌ஷைடர் 1901-லேயே சொல்லிவிட்டார்: வளையத்தை வலமாகச் சுற்றும் வேக மாறிலிகளின் பெருக்கலும் இடமாகச் சுற்றும் பெருக்கலும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணோடு பார்ப்போம். மூடியது→திறந்தது 2, திறந்தது→செயலிழந்தது 3, செயலிழந்தது→மூடியது 1. பெருக்கினால் 6. எதிர்த்திசையில் திறந்தது→மூடியது 1, செயலிழந்தது→திறந்தது 0.5. எனவே மீதமுள்ள மூடியது→செயலிழந்தது 12 ஆகத்தான் இருக்க முடியும். அது உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்ட எண் இல்லை. அங்கே 6 போட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் மோலுக்கு 1.7 கிலோஜூல் (20 டிகிரியில்) எங்கிருந்தோ வந்தாக வேண்டும். "அந்தப் பாதை அரிது" என்று சொல்லி முன்னோக்கிய அம்பை மட்டும் அழித்துவிட்டால் இன்னும் மோசம், எல்லையில்லா ஆற்றலுள்ள பேட்டரியைப் பொருத்திவிட்டீர்கள்.

சந்தேகமாக இருந்தால் எளிய சோதனை ஒன்று: ஏதாவது ஓர் இணைப்பை இருபுறமும் சேர்த்து அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். வளையம் ஒழுங்காக மூடியிருந்தால் சமநிலை வீதங்கள் கொஞ்சமும் மாறாது, அங்கே போய்ச் சேரும் நேரம் மட்டும் மாறும். வீதங்கள் மாறினால் பிடித்துவிட்டீர்கள்.

என்னை ஏமாற்றிய வடிவத்தைச் சொல்கிறேன். மாடல் 20 டிகிரியில் இந்தச் சோதனையில் தேறியது. 35-இல் தோற்றது. நான் நிரலில் பிழை தேடினேன், ஒருங்கிணைப்பு முறையை மாற்றினேன், படிநிலையை (கணக்கு ஒருமுறை தாவும் கால அளவு) பத்தில் ஒரு பங்காக்கினேன். பிழை அங்கெல்லாம் இல்லை. ஒவ்வொரு அம்புக்கும் தனித்தனிக் கட்டுரைகளிலிருந்து தனித்தனி க்யூ10 எடுத்துப் போட்டிருந்தேன். ஒப்பீட்டு வெப்பநிலையில் எல்லாப் பெருக்கிகளும் 1 என்பதால் வளையம் மூடியிருந்தது, நகர்ந்ததும் திறந்துகொண்டது. வலமான க்யூ10-களின் பெருக்கலும் இடமான பெருக்கலும்கூடச் சமமாக வேண்டும். வளையத்தைச் சுற்றி என்தால்பி மாற்றத்தின் கூட்டுத்தொகை பூஜ்யம் என்பதன் இன்னொரு வடிவம் அது. மின்னூட்டத்துக்கும் இதே கதை: வளையத்தைச் சுற்றிவந்தால் நகர்ந்த கதவு மின்னூட்டம் மொத்தத்தில் பூஜ்யம், இல்லையென்றால் ஒரே ஒரு மின்னழுத்தத்தில் மட்டும் வளையம் மூடும்.

எண்களை ஒவ்வொன்றாகத் திருத்தி ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, ஆற்றலிலிருந்தே எழுதிவிடுவதுதான் என் பரிந்துரை. ஒவ்வொரு நிலைக்கும் ஓர் என்தால்பி, ஓர் என்ட்ரோபி, ஒரு மின்னூட்டம். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரே ஒரு தடை உச்சி, இரு திசைக்கும் பொதுவானது. வேக மாறிலி என்பது நிலையிலிருந்து உச்சிக்கு ஏற வேண்டிய கட்டிலா ஆற்றலின் (வேலைக்குப் பயன்படும் ஆற்றல்) எதிர்க்குறி அடுக்குக்குறி. இப்படி எழுதினால் எந்த வெப்பநிலையிலும் எந்த மின்னழுத்தத்திலும் வளையம் தானாக மூடும். முக்கோணத்தில் ஆறு சுதந்திர வேகங்களுக்குப் பதில் ஐந்து அளவுருக்கள்தான் கிடைக்கும். அந்த ஆறாவதுதான் திருட்டு பேட்டரி.

ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சோடியம் கதவுகளை எட்டு நிலை மார்கோவ் வலையாக விரித்தவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். கதவுகள் ஒன்றையொன்று சாராமல் இயங்குவதால் அங்கே வளையங்கள் மூடியே இருக்கும். யாராவது "செயலிழப்பு திறந்த பிறகே நடக்கும்" என்று ஓர் அம்பைத் திருத்தும்போதுதான் உடைகிறது.

உண்மையிலேயே சுழலும் சேனல்களும் உண்டு. சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு சேனலின் கதவை ஏடிபி சிதைவு ஓட்டுகிறது. டார்ப்பிடோ மின்மீனின் சிஎல்சி-0 சேனலில் குளோரைடு செறிவு வித்தியாசமே கதவுச் சுழற்சியைத் தள்ளுகிறது. அங்கெல்லாம் எரிபொருள் எது என்று மாடலில் எழுதுங்கள். செத்த செல் சோதனையில் எரிபொருளை நிறுத்தியதும் சுழற்சியும் நிற்க வேண்டும்.

## தூண்டாமல் விட்டாலும் செறிவுகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன

செறிவுகளை மாறிகளாக்கி, பம்ப் சேர்த்த மறுநாள் வரும் புகார். சில நிமிடம் ஓட்டினால் நன்றாக இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு ஓட்டினால் செல் உப்பு மாறிச் செத்திருக்கும்.

மூல மாடலின் ஓய்வுநிலையை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். −65 மில்லிவோல்ட்டில் பொட்டாசியம் வெளியே 4.4, சோடியம் உள்ளே 1.2, கசிவு உள்ளே 3.2, எல்லாம் சதுர சென்டிமீட்டருக்கு மைக்ரோஆம்பியரில். கூட்டினால் பூஜ்யம், எனவே மின்னழுத்தம் நிற்கிறது. ஆனால் அயனிகள் நிற்கவில்லை. பொட்டாசியம் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. பம்ப் ஒரு ஏடிபிக்கு 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவருகிறது. எனவே ஓய்வில் சோடியக் கசிவும் பொட்டாசியக் கசிவும் 3:2 விகிதத்தில் இருந்தால்தான் பம்ப் இரண்டையும் ஒருசேர ஈடுகட்ட முடியும். பெயரில்லாத கசிவு முழுவதையும் சோடியம் என்று எழுதினாலும் கிடைப்பது 4.4-க்கு 4.4. எந்தப் பம்ப் வலிமையாலும் இதைச் சமன்செய்ய முடியாது.

ஆகவே கசிவை உடைத்துச் சோடியம், பொட்டாசியம், வேண்டுமென்றால் குளோரைடு என்று பங்கிடுங்கள். பிறகு பம்ப்பின் நிகர மின்னோட்டத்தையும் சேர்த்து, மின்னழுத்தமும் இரண்டு செறிவுகளும் ஒரே நேரத்தில் நிற்கும்படி கடத்துத்திறன்களைத் தீருங்கள். பம்ப்பைச் சேர்த்துவிட்டுக் கசிவைத் தொடாமல் விட்டால் ஓய்வுநிலை கீழே போகும். மொத்தக் கடத்துத்திறன் ஓய்வில் 0.68 மில்லிசீமன்ஸ் என்பதால், 1 மைக்ரோஆம்பியர் பம்ப் மின்னோட்டம் சுமார் ஒன்றரை மில்லிவோல்ட் இறக்கும்.

ஓய்வில் நின்று, தூண்டும்போது மட்டும் நகர்கிறதா? தூண்டல் மின்னோட்டத்தை எந்த அயனி சுமக்கிறது என்று எழுதவில்லை. மின்னூட்டம் மட்டும் வந்து அயனி வராவிட்டால் கணக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் இடிக்கும். இதயச் செல் மாடல்களில் இந்தச் சிக்கல் நன்றாக அலசப்பட்டது. தூண்டலைப் பொட்டாசியத்தின் பெயரில் எழுதுவது அங்கே வழக்கமாகிவிட்டது.

மெல்லிய ஆக்சானில் நகர்வு உண்மையாகவே இருக்கலாம். 238 மைக்ரோமீட்டர் ஆரத்தில் ஒரு துடிப்பு உட்சோடியத்தை லிட்டருக்கு 0.4 மைக்ரோமோலுக்கும் குறைவாகவே ஏற்றுகிறது. 0.1 மைக்ரோமீட்டர் ஆரத்தில், துடிப்பு எவ்வளவு சிக்கனமானதாக இருந்தாலும், அதே உயர்வு 0.2 மில்லிமோலார் அளவுக்காவது வரும்.

## கால்சியம் மின்னோட்டம் நம்ப முடியாத அளவில் வருகிறது

ஓம் விதியை விட்டுவிடுங்கள். உள்ளே 100 நானோமோலார், வெளியே 2 மில்லிமோலார் என்றால் நெர்ன்ஸ்ட் மின்னழுத்தம் 37 டிகிரியில் +132. இருபதாயிரம் மடங்கு வித்தியாசத்தில் நேர்கோடு பொருந்தாது, கோல்ட்மன்–ஹாட்ஜ்கின்–கட்ஸ் சமன்பாடு வேண்டும். அதில் மின்னூட்ட எண் 2 என்பது வெளியே வர்க்கமாகவும் அடுக்குக்குறிக்குள் ஒருமுறையும் வரும், இரண்டையும் சரிபாருங்கள். பூஜ்யம் மில்லிவோல்ட்டில் அதே பழைய பூஜ்யம்/பூஜ்யம்.

## ஏடிபி செலவு பல மடங்கு கூடுதலாக வருகிறது

மின்தேக்கியை 100 மில்லிவோல்ட் ஏற்றக் குறைந்தபட்சம் தேவைப்படும் சோடியம் சதுர சென்டிமீட்டருக்கு 1 பிக்கோமோல். சோடியமும் பொட்டாசியமும் ஒரே நேரத்தில் ஓடி ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் உண்மைச் செலவு கூடும். மூல மாடலில் 18.5 டிகிரிக்குக் கணக்கிட்ட சோடிய வரவு சுமார் 4.3 பிக்கோமோல். 6.3 டிகிரியில் துடிப்பு அகலம் என்பதால் அதைவிட அதிகம். எனவே கணவாய் மாடலை வைத்து மூளையின் மின்கட்டணம் போடாதீர்கள். எலியின் ஹிப்போகாம்பஸில் பாசி இழைகள் எனப்படும் ஆக்சான்களில் 2009-இல் அளந்தபோது குறைந்தபட்சத்தைப்போல் 1.3 மடங்குதான் செலவாகியிருந்தது.

அலகில் தடுமாறுகிறவர்களுக்கு: மைக்ரோஆம்பியர் × மில்லிநொடி என்பது நானோகூலும், 96.5 நானோகூலும் ஒரு பிக்கோமோல். மூன்றால் வகுத்தால் ஏடிபி. ஓய்வுநேரச் சோடியக் கசிவைத் துடிப்பின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## வெப்பம் எப்போதும் நேர்க்குறியில்தான் வருகிறது

அபட், ஹில், ஹோவர்த் மூவரும் 1958-இல் நண்டு நரம்பில் அளந்தபோது, துடிப்போடு முதலில் வெப்பம் வெளிவந்து, உடனே பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்படுவதைக் கண்டார்கள். உங்கள் மாடலோ ஒவ்வொரு கடத்தியிலும் கடத்துத்திறன் × (மின்னழுத்த வித்தியாசத்தின் வர்க்கம்) என்று கூட்டுகிறது. வர்க்கம் ஒருபோதும் குறைகுறி ஆகாது. இதைப் பார்த்துவிட்டு மின்சுற்று மாடலே பொய் என்று முடிவுகட்டி, ஹைம்பர்க்கும் ஜாக்சனும் 2005-இல் முன்வைத்த சவ்வு ஒலியலைக் கோட்பாட்டுக்குத் தாவுபவர்கள் உண்டு. அது தனி விவாதம். அதற்கு முன் பேட்டரியின் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்.

நீர்த்த கரைசலில் செறிவு வித்தியாசம் என்பது ஏறக்குறைய முழுக்க என்ட்ரோபியால் ஆன பேட்டரி. அதில் உள்ளாற்றலாகச் சேமித்தது எதுவுமில்லை. அது மின்னோட்டத்தைத் தள்ளும்போது செய்கிற வேலைக்கான ஆற்றலைச் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பமாக இழுத்துக்கொள்கிறது. கடத்தியில் வெளிவரும் வெப்பத்திலிருந்து பேட்டரி இழுத்ததைக் கழியுங்கள். மிஞ்சுவது அயனி மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை × சவ்வு மின்னழுத்தம். அந்தக் கூட்டுத்தொகை மின்தேக்கி மின்னோட்டத்தின் எதிர்க்குறி. ஆக, நிகர வெப்பம் என்பது மின்தேக்கி ஆற்றலின் வீழ்ச்சி மட்டுமே. −65-இல் சதுர சென்டிமீட்டருக்கு 2.1 நானோஜூல், பூஜ்யத்தில் ஒன்றுமில்லை, +40-இல் 0.8. ஏறும்போது 2.1 வெளிவந்து 0.8 உள்ளே போகும், இறங்கும்போது 0.8 வெளிவந்து 2.1 உள்ளே போகும். வெளிவந்து திரும்பும் வெப்பம் கிடைத்துவிட்டது.

முன்பு கூட்டிய வர்க்கத் தொகை வீணில்லை. அது கட்டிலா ஆற்றல் இழப்பு, அதாவது வெப்பநிலை × உருவான என்ட்ரோபி. வரைபடத்தில் அதன் பெயரைத் திருத்தினால் போதும். அதற்கான பில்லைப் பம்ப் பிறகு ஏடிபியில் கட்டுகிறது, அந்த மெதுவான மீட்பு வெப்பம் நேர்க்குறிதான்.

அளவு மட்டும் இன்னும் பொருந்தாது. ஹோவர்த், கெய்ன்ஸ், ரிச்சி 1968-இல் முயலின் வேகஸ் நரம்பில் அளந்த வெப்பம் மின்தேக்கியின் கட்டிலா ஆற்றல் தருவதைவிட அதிகம். மின்புலம் தளரும்போது சவ்வின் என்ட்ரோபி மாறுவதைக் காரணமாக அவர்கள் சுட்டினார்கள். உங்கள் மாடலில் அதைக் கொண்டுவர, மின்தேக்குத்திறனை வெப்பநிலையின் சார்பாக எழுதுங்கள். மாறிலி 1 என்று வைத்திருக்கும்வரை அந்த உறுப்பு வரவே வராது.

## படிநிலையைக் குறைத்தால் இரைச்சல் மாறுகிறது

சீரற்ற எண்ணைப் படிநிலையால் பெருக்கியிருக்கிறீர்கள், அதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். சரிபார்க்க: கதவுகளை உறையவைத்து, வெறும் வெப்ப இரைச்சலை மட்டும் விட்டு ஓட்டினால், மின்னழுத்தத்தின் மாறுபாடு போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை ÷ மின்தேக்குத்திறன். 100 பிக்கோஃபாரட் செல்லுக்கு 37 டிகிரியில் திட்டவிலக்கம் 6.5 மைக்ரோவோல்ட். தடையின் மதிப்பை மாற்றினாலும் இந்த எண் மாறக் கூடாது, மாறினால் இரைச்சலின் அளவும் தடையும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. சேனல் இரைச்சல் இதைவிடப் பெரியது. அதை எம், எச், என் கதவுகளின் மீது தனித்தனியே தூவினால் குறைவாகவே வரும், நிலைகளுக்கு இடையிலான தாவல்களின் மீது தூவுங்கள்.